வரைபடத்தில் புள்ளிகள் அடர்ந்திருந்தால் அது நோய்த்திரள் ஆகுமா? ஒரு தோட்டப்புற நகரத்தின் டிங்கிக் கணக்கு

கேள்வி எழுதியவர்: ஆறாம்படிவக்கணக்கு (தெலுக் இந்தான் வட்டாரம்)

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானுக்கு அருகில், மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறுநகரத்தில் நான் கணித ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தார், டிங்கிக் காய்ச்சல் கண்டவர்களின் வீடுகளைக் குடும்பத்தாரின் ஒப்புதலோடு ஒரு வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகக் குறித்து வருகிறார்கள். பழைய தோட்டத்து லயங்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அவற்றை ஒட்டிய கால்வாயும் இருக்கும் பக்கம் புள்ளிகள் அடர்ந்து கிடக்கின்றன. சங்கக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்தபோது, பார்த்த மாத்திரத்தில் தெரிகிற திரளுக்குக் கணக்கு எதற்கு என்று ஒரு தரப்பினரும், அங்கே ஆட்கள் நெருங்கி வாழ்வதால் புள்ளிகளும் நெருங்கியிருக்கின்றன, வேறொன்றுமில்லை என்று மறு தரப்பினரும் வாதிட்டார்கள். இரு தரப்புக்கும் விடை சொல்லக்கூடிய கணிதம் இருப்பதை அறிவேன். ஆனால் பாடநூலில் உள்ள பாய்சான் பரவலுக்கு (அரிய நிகழ்வுகள் தற்செயலாக எத்தனை முறை நேரும் என்பதன் நிகழ்தகவுக் கணக்கு) அப்பால் எனக்குப் பழக்கமில்லை.

உண்மையான எண்களை இங்கே இடப் போவதில்லை. சிறிய ஊர் என்பதால் எந்த வீடு என்று எளிதில் தெரிந்துவிடும். விளக்கத்துக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: நகரமும் தோட்டங்களும் சேர்ந்து 20,000 பேர், மொத்தம் 40 நோயாளிகள், தலா 1,000 பேர் கொண்ட 20 பகுதிகள். லயப் பகுதியில் மட்டும் 7 பேர் நோயுற்றிருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு 2 பேர்தான் எதிர்பார்ப்பு என்பதால், 7 என்பது மூன்றரை மடங்கு. இதைத் திரள், அதாவது தற்செயலைவிட மிகுதியாக ஓரிடத்தில் நோய் குவிந்திருப்பது, என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது என்றால் எந்த முறையால் சோதிக்க வேண்டும்? என் மாணவர்களைக் கொண்டே இதைச் செய்ய விரும்புவதால், வாய்பாட்டின் பின்னுள்ள காரணத்தையும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஈப்போ பாய்சான்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். சராசரி 2 உள்ள பாய்சான் பரவலில் 7 அல்லது அதற்கு மேல் வருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.0045, அதாவது ஆயிரத்தில் நாலரை. இதைப் பார்த்ததும் திரள் உறுதியாகிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் இந்த நிகழ்தகவு, வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே லயப் பகுதியைச் சுட்டிக்காட்டி, அங்கே மட்டும் எத்தனை என்று கேட்டிருந்தால்தான் பொருந்தும். நீங்கள் 20 பகுதிகளையும் பார்த்துவிட்டு, எது மிக அதிகமோ அதைத் தேர்ந்தெடுத்தீர்கள். நோய் எங்கும் ஒரே வீதத்தில் பரவியிருந்தாலும் 20 பகுதிகளில் ஏதோ ஒன்றிலாவது 7 அல்லது அதற்கு மேல் வருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.087 ஆகும். இது நூற்றுக்கு ஒன்பதை நெருங்குகிறது. அம்பை எய்துவிட்டு அது தைத்த இடத்தைச் சுற்றி இலக்கை வரைந்துகொள்பவர் ஒருபோதும் குறி தவறமாட்டார் அல்லவா? வரைபடம் பார்த்துத் திரள் சொல்வதில் உள்ள முதல் ஆபத்து இதுதான்.

கண்ணை நம்ப முடியாது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது ஜெர்மானியப் பறக்கும் குண்டுகள் விழுந்தபோது, அவை சில இடங்களைக் குறிவைத்தே விழுகின்றன என்று பலர் நம்பினார்கள். ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கியலாளர் 1946-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். தெற்கு லண்டனைக் கால் சதுரக் கிலோமீட்டர் அளவுள்ள 576 கட்டங்களாகப் பிரித்து, 537 குண்டுகள் எந்தெந்தக் கட்டத்தில் விழுந்தன என்று எண்ணினார். ஒரு குண்டும் விழாத கட்டங்கள் 229. பாய்சான் கணக்கு சொன்னது 226.74. ஒரே குண்டு விழுந்தவை 211, கணக்கு 211.39. இரண்டு விழுந்தவை 93, கணக்கு 98.54. நான்கு விழுந்த கட்டங்கள் 7 இருந்தன, கணக்கு 7.14. வெறும் தற்செயலும் திட்டுத்திட்டாகத்தான் விழும் என்பதற்கு இதைவிடச் சிறந்த வகுப்பறை எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. உங்கள் மாணவர்களுக்கு இதையே முதல் பாடமாக வையுங்கள்.

இனி முறைக்கு வருவோம். 1987-இல் ஸ்டான் ஓப்பன்ஷாவும் அவருடைய குழுவினரும் வட இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு வந்த இரத்தப் புற்றுநோயை ஆராய, வரைபடத்தின் மீது நெருக்கமான கட்டப் புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றையும் மையமாகக் கொண்டு பல ஆரங்களில் வட்டங்கள் போட்டு, எதிர்பார்ப்பைவிட மிக அதிகமாக நோயாளிகள் இருந்த வட்டங்களை மட்டும் கணினியால் வரைய வைத்தார்கள். செல்லாஃபீல்ட் அணு ஆலைக்கு அருகிலுள்ள சீஸ்கேலும் கேட்ஸ்ஹெட் வட்டாரமும் அப்படித் தெரியவந்தன. துணிச்சலான முயற்சிதான். ஆனால் ஆயிரக்கணக்கான வட்டங்களைச் சோதித்தால் சில வட்டங்கள் தற்செயலாகவே தேறிவிடும் என்ற குறையை அந்த முறை சரிசெய்யவில்லை.

அதைச் சரிசெய்தவர் மார்ட்டின் குல்டார்ஃப். 1997-இல் அவர் முழுமையாக வகுத்த இடஞ்சார் வருடல் முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. வட்டத்தை வரைபடம் முழுவதும் நகர்த்தி, ஆரத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக்கிக்கொண்டே போக வேண்டும். வழக்கமாக மொத்த மக்கள்தொகையில் பாதியை உள்ளடக்கும் வரை பெரிதாக்குவார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு மதிப்பெண் தரப்படும். உள்ளே கண்ட எண்ணிக்கையை உள்ளே எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுத்து, அதன் இயல் மடக்கையைக் கண்ட எண்ணிக்கையால் பெருக்குங்கள். வெளியே உள்ளவர்களுக்கும் அப்படியே செய்து இரண்டையும் கூட்டுங்கள். உங்கள் எண்களில் உள்ளே 7, எதிர்பார்ப்பு 2. வெளியே 33, எதிர்பார்ப்பு 38. முதல் பகுதி 8.77, இரண்டாவது −4.66, கூட்டினால் 4.11. இது நிகழ்வாய்ப்பு விகிதத்தின் மடக்கை: உள்ளும் புறமும் வீதம் வேறு என்ற கருதுகோள், எங்கும் ஒரே வீதம் என்ற கருதுகோளைவிட இந்தத் தரவை எவ்வளவு நன்றாக விளக்குகிறது என்பதன் அளவு.

முறையின் சிறப்பு அடுத்த படியில்தான் இருக்கிறது. எங்கும் ஒரே வீதம் என்று வைத்துக்கொண்டு அதே 40 நோயாளிகளைக் கணினியால் சமவாய்ப்பு முறையில் மக்கள்தொகைக்கேற்பத் தூவி, அந்தப் போலி வரைபடத்திலும் எல்லா வட்டங்களையும் சோதித்து, மிக உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இதை 999 முறை செய்யுங்கள். உங்கள் உண்மை மதிப்பெண்ணையும் சேர்த்து 1,000 எண்களை இறங்கு வரிசையில் அடுக்கும்போது அது 30-ஆம் இடத்தில் வந்தால் பி மதிப்பு (எங்கும் ஒரே வீதமாக இருந்தும் தற்செயலாகவே இவ்வளவு உயர்ந்த மதிப்பெண் வருவதற்கான நிகழ்தகவு) 0.03. ஒவ்வொரு போலி வரைபடத்திலும் மிகச் சிறந்த வட்டத்தையே நாம் தேர்ந்தெடுத்திருப்பதால், தேடிப்பிடித்த குற்றம் இரு பக்கமும் சமமாகிவிடுகிறது. மாணவர்கள் இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். வாய்பாடு தானாக வரும்.

மறுமொழி: கொசுவேட்டை

வணக்கம். பேராக் மாநிலத்தில் நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்தவன். கணக்கு விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குக்குள் நுழைவதற்கு முன் அந்தச் சிவப்புப் புள்ளி எதைக் குறிக்கிறது என்று கேட்பது என் வழக்கம்.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி டிங்கி நோயாளியைக் கண்ட மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். களத்தில் எங்களுக்கு உள்ள அளவுகோல் எளிமையானது: ஒரே வட்டாரத்தில் 14 நாள்களுக்குள் இரண்டாவது நோயாளி வந்துவிட்டால் அதை நோய்ப்பரவலாகக் கொண்டு வேலை தொடங்கிவிடுவோம்; புகையடிப்பும் கொசுப்புழுத் தேடலும் வீட்டைச் சுற்றி 200 மீட்டர் வரை நடக்கும். இது திரளை நிரூபிக்கும் சோதனை அன்று. பி மதிப்பு வரும் வரை காத்திருக்காமல் கைக்காவலாகச் செய்யும் நடவடிக்கை. ஆகவே உங்கள் சங்கம் மனு எழுதுவதற்கு 999 போலி வரைபடங்கள் தேவையில்லை. ஆனால் ஏன் அந்தப் பக்கம் மட்டும் பருவத்துக்குப் பருவம் வருகிறது என்று கேட்க வேண்டுமானால் கணக்கு வேண்டும்.

புள்ளி வீட்டைக் குறிக்கிறது. கடித்த இடத்தை அன்று. ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதன் கடி மும்முரமாக இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். தோட்டத் தொழிலாளர்கள் பிரட்டு (காலை ஆளெடுப்பு) முடிந்து செம்பனைக்குள் இருப்பார்கள். ஒரே பள்ளியிலோ ஒரே வேலைக்காட்டிலோ கடிபட்டவர்கள் பத்து வெவ்வேறு தாமான்களுக்கு (வீட்டுக் குடியிருப்புகள்) திரும்பிப் போனால் உங்கள் வரைபடத்தில் திரள் கரைந்துவிடும்; எங்கோ ஓரிடத்தில் கடிபட்டவர்கள் எல்லாரும் ஒரே லயத்தில் குடியிருந்தால் இல்லாத இடத்தில் திரள் தோன்றும். ரப்பர் இன்னும் இருக்கிற தோட்டமானால் மழைநீர் தேங்கும் பால் கோப்பைகளில் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு முட்டையிடும். அது வீட்டுக் கொசு இல்லை, காட்டோரக் கொசு. எனவே வீட்டு முகவரியோடு வேலையிடம், பள்ளி, காய்ச்சல் தொடங்கிய நாள் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். கடிபட்ட 4 முதல் 10 நாள்களில் காய்ச்சல் தொடங்கும் என்பதால், தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த நாள்களில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்கலாம்.

இன்னொன்று. புள்ளி இல்லாத இடங்களையும் பாருங்கள். 1854-இல் லண்டன் பிராட் தெருவில் மருத்துவர் ஜான் ஸ்னோ காலரா மரணங்களைக் குறித்ததைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். தெருக் கிணற்று நீரே காரணம் என்ற அவருடைய வாதத்துக்கு வலுச் சேர்த்தவை மரணம் நிகழாத இடங்களும்தான். அருகிலிருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் இருந்தும் 5 பேர்தான் இறந்தார்கள். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பக்கத்து மதுவடிப்பு ஆலையின் 70 தொழிலாளர்களில் எவரும் காலராவால் சாகவில்லை. ஆட்கள் நிறைய இருந்தும் நோய் இல்லாத பகுதி உங்கள் ஊரில் எது என்று சங்கத்தாரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே இருக்கும் எது லயத்துப் பக்கம் இல்லை என்பதிலிருந்து உங்கள் தேடல் தொடங்கலாம்.

கேள்வியாளரின் தொடர்ச்சி: ஆறாம்படிவக்கணக்கு

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. வேலையிடத்தையும் நாளையும் சேர்த்துக் கேட்கும் படிவத்தை இந்த வாரமே தயாரிக்கிறோம்.

ஆனால் வருடல் முறையைப் படித்ததும் ஒரு பெரிய தடை கண்ணில் பட்டது. ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிர்பார்ப்பு எண்ணிக்கையைக் கணக்கிட அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று தெரிய வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் தெரியாது. ஒரு காலத்தில் லயங்களில் இருந்த நம் குடும்பங்கள் பெரும்பாலும் தாமான் வீடுகளுக்கு மாறிவிட்டன. இப்போது அந்த லயங்களில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். அறுவடைக்குத் தகுந்தாற்போல் ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். சிலருடைய பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது. நான் கேள்வியில் 1,000 என்று எழுதிய இடத்தில் உண்மையில் 600 பேரும் இருக்கலாம், 2,000 பேரும் இருக்கலாம். 2,000 என்றால் 7 நோயாளிகள் என்பதில் வியப்பே இல்லை. பகுதி எண்ணிக்கை தெரியாதபோது எதை எதிர்பார்ப்பது?

மறுமொழி: சித்தியவான் தரவாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தோட்டப்புற ஊர்களுக்கு இந்தப் பகுதிதான் உண்மையான சிக்கல். நல்லவேளையாக, மக்கள்தொகையே கேட்காத முறைகளும் இருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு உகந்தது நடுவில் உள்ளது என்பது என் கருத்து.

மிகப் பழையது ஜார்ஜ் நாக்ஸ் 1964-இல் செய்தது. நோயாளிகளை இரண்டிரண்டாக இணைத்துப் பார்ப்பதுதான் முறை. வட இங்கிலாந்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட 96 சிறுவர்களை அவர் எடுத்துக்கொண்டார். 96 பேரிலிருந்து 4,560 இணைகள் கிடைக்கும். அவற்றில் ஒரு கிலோமீட்டருக்குள் அமைந்தவை 25. நோய் தொடங்கிய நாள் 60 நாள்களுக்குள் அமைந்தவை 152. இடமும் காலமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால் இரண்டிலும் நெருங்கிய இணைகள் 25 × 152 ÷ 4,560, அதாவது 0.83 தான் இருக்க வேண்டும். இருந்தவை 5. உங்கள் 40 பேருக்கு 780 இணைகள். மாணவர்கள் ஒரு விரிதாளிலேயே செய்துவிடலாம். டிங்கிக்கு எல்லைகளை 200 மீட்டர், 14 நாள் என்று வைப்பது பொருத்தமாக இருக்கும். ஆனால் அதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். விடையைப் பார்த்துவிட்டு எல்லையை மாற்றினால் ஈப்போ ஐயா சொன்ன அம்புக் கதை மீண்டும் நடக்கும்.

நாக்ஸ் முறை திரள் இருக்கிறதா என்று சொல்லுமே தவிர எங்கே என்று சொல்லாது. எங்கே, எப்போது என்று காட்டுவது, குல்டார்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட இடக்கால வரிசைமாற்ற வருடல் முறை. அதில் எதிர்பார்ப்பை மக்கள்தொகையிலிருந்து எடுப்பதில்லை, நோயாளிகளிடமிருந்தே எடுக்கிறார்கள். பருவம் முழுவதும் லயப் பகுதியில் 40-இல் 10 பேர் என்றும், குறிப்பிட்ட இரு வாரங்களில் ஊர் முழுவதும் 40-இல் 8 பேர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். லயப் பகுதியில் அந்த இரு வாரங்களில் எதிர்பார்க்க வேண்டியது 10 × 8 ÷ 40, அதாவது 2. அங்கே 6 பேர் வந்திருந்தால் அதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. லயத்தில் 600 பேரா, 2,000 பேரா என்பது இந்தக் கணக்கில் எங்கும் நுழையவில்லை. தேதிகளை மட்டும் கலைத்துப் போட்டு 999 முறை சோதிப்பதால், மழைக்காலத்தில் எல்லா இடத்திலும் நோய் கூடுவதும், லயத்துப் பக்கம் எப்போதும் கூடுதலாகவே இருப்பதும் தாமாகக் கழிந்துவிடும்.

அதுவே அதன் குறையும் ஆகும். லயத்துப் பக்கம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக மூன்றரை மடங்கு நோய் இருந்தால் இந்த முறைக்கு அது தெரியவே தெரியாது. மேலும் ஆய்வுக் காலத்துக்கு நடுவே ஒரு பெரிய குழு புதிதாகக் குடியேறினால் ஆள் கூடியதையே அது திரள் என்று காட்டும். உங்கள் ஊரில் அறுவடைக் குழுக்கள் வந்து போகும் மாதங்களைத் தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தர்) கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

நிலையாக நிற்கும் திரளைப் பிடிக்க மூன்றாவது வழி, 1990-இல் கியூசிக்கும் எட்வர்ட்ஸும் தந்தது. டிங்கி நோயாளிகளோடு, அதே கிளினிக்குக்கு வேறு காரணத்துக்காக, எலும்பு முறிவுக்கோ வெட்டுக்காயத்துக்கோ வந்தவர்களையும் வரைபடத்தில் வேறு நிறத்தில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு டிங்கி நோயாளியின் அருகிலுள்ள மூவரையோ ஐவரையோ பார்த்து, அவர்களில் எத்தனை பேர் டிங்கி நோயாளிகள் என்று எண்ணிக் கூட்டுங்கள். பிறகு நிறங்களைக் கலைத்துப் போட்டு ஒப்பிடுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அரசு கிளினிக்கில் கட்டணம் கூடுதல் என்பதால் பலர் வருவதில்லை. ஆனால் காய்ச்சலுக்கு வராதவர் கைக்காயத்துக்கும் பெரும்பாலும் வரமாட்டார். ஆகவே அந்தச் சாய்வு இரு நிறங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்து ஓரளவு கழிந்துவிடும். முழுவதும் கழியும் என்று நான் சொல்லமாட்டேன்.

வருடல் முறைகளுக்குச் சாட்ஸ்கேன் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இடக்கால வரிசைமாற்ற முறையும் அதற்குள் இருக்கிறது. வரைபடத்துக்குக் கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். லயங்கள் நீண்டு வரிசையாக இருப்பதால் வட்டம் பொருந்தாதே என்று நினைக்கலாம். ஆள் இல்லாத செம்பனைக்குள் வட்டம் நீண்டால் கெடுதல் இல்லை, அங்கே எதிர்பார்ப்பும் சுழியம்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள தாமானையும் வட்டம் விழுங்கும்போதுதான் திரள் நீர்த்துப்போகும். அப்போது நீள்வட்டத்தைப் பயன்படுத்தலாம், அல்லது டாங்கோவும் தகாஹாஷியும் 2005-இல் தந்த நெகிழ்வடிவ வருடலை முயலலாம். வீட்டு ஆயத்தொலைவுகளைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் படத்தில் புள்ளிகள் வேண்டாம், பகுதிகளை மட்டும் நிறமிடுங்கள்.

மறுமொழி: மெல்லிய கோடு

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பள்ளி அளவில் இவ்வளவு தூரம் போக வேண்டுமா? 20 பகுதிகளுக்கும் நோய் வீதத்தைக் கண்டு, அடுத்தடுத்த பகுதிகளின் வீதங்கள் ஒத்திருக்கின்றனவா என்று மோரானின் குறியெண்ணால் பார்க்கலாம். 1950-இலிருந்து இருக்கும் எளிய முறை. கியூஜிஸுடன் சேர்த்தே செய்துவிடலாம். 1995-இல் லூக் அன்செலின் அதைப் பகுதிவாரியாகப் பிரித்துத் தந்த பிறகு எந்தப் பகுதி திரளின் மையம் என்பதும் தெரிந்துவிடுகிறது. நகராட்சியாருக்குக் காட்டவும் அழகான படம் கிடைக்கும்.

மறுமொழி: ஈப்போ பாய்சான்

படம் அழகாக இருக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மோரானின் குறியெண் எல்லா வீதங்களையும் ஒரே நம்பகம் உள்ளவையாக எடுத்துக்கொள்கிறது. 60 பேர் மட்டும் வாழும் ஒரு சந்தில் ஒருவருக்கு நோய் வந்தால் வீதம் ஆயிரத்துக்கு 16.7 ஆகிவிடும், 1,000 பேர் கொண்ட லயப் பகுதியில் 7 பேர் நோயுற்றும் வீதம் 7 தான். வரைபடத்தில் மிகக் கருஞ்சிவப்பாக அந்தச் சந்துதான் தெரியும். அடுத்த பருவத்தில் அதே சந்து வெள்ளையாகிவிடும். சிற்றூர் வரைபடங்களின் உச்சமும் பூச்சியமும் எப்போதும் ஆள் குறைந்த பகுதிகளிலேயே விழுவதன் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து, வீதத்தை முழு ஊரின் சராசரியை நோக்கிச் சற்று இழுப்பது. 1987-இல் கிளேட்டனும் கால்டோரும் விளக்கிய அனுபவ பேய்சு முறை இதைச் செய்கிறது. ஒவ்வொரு பகுதியோடும் 4 நோயாளிகளும் 2,000 மக்களும் கொண்ட ஒரு கற்பனைக் குழுவைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (உண்மையில் அந்த இரண்டு எண்களும் தரவிலிருந்தே கணிக்கப்படும்). சந்துக்கு 5 ÷ 2,060, அதாவது ஆயிரத்துக்கு 2.4. லயத்துக்கு 11 ÷ 3,000, அதாவது 3.7. வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள். மக்கள் முன் வைக்கும் வரைபடத்துக்கு இது ஏற்றது. ஆனால் உண்மையாகவே சிறிய, கூர்மையான திரள் ஒன்று இருந்தால் அதையும் இந்த இழுப்பு மழுக்கிவிடும் என்பதால், சோதனைக்கு வருடல் முறையையே நான் விரும்புவேன். இதிலும் மக்கள்தொகை எண் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஆசிரியையின் தடை இங்கேயும் தொடர்கிறது. அந்த வகையில் சித்தியவான் நண்பர் சொன்ன வழியே உங்கள் ஊருக்குப் பொருத்தம்.

20 பகுதிகளின் எல்லையை யார் போட்டார்கள் என்பதையும் பாருங்கள். புள்ளிகளைக் குறித்த பிறகு சங்கம் போட்ட எல்லையானால் அதைக் கைவிட்டு, வீட்டு ஆயத்தொலைவையே பயன்படுத்துங்கள்.

மறுமொழி: கொசுவேட்டை

முறை எதுவாயினும், திரள் கிடைத்ததும் காரணமும் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைப் பகுதிகளில் மூளைக்காய்ச்சல் தோன்றியது. இடத்திரள் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கொண்டு தடுப்பூசி போட்டார்கள், புகையடித்தார்கள். நோய் நிற்காமல் நெகிரி செம்பிலானுக்கும் போயிற்று. யாருக்கு வருகிறது என்று பார்த்தபோதுதான் முரண் புலப்பட்டது: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது; இங்கே விழுந்தவர்கள் பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரசைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். வட்டம் சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. அதற்குள் இருந்தவர்களின் வயதையும் வேலையையும் பார்த்த பிறகே வழி திறந்தது. உங்கள் படிவத்தில் வயது, வேலை இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வியாளரின் தொடர்ச்சி: ஆறாம்படிவக்கணக்கு

அனைவருக்கும் நன்றி. இடக்கால வரிசைமாற்ற முறையை மென்பொருளிலும் நாக்ஸ் முறையை மாணவர்களின் கையாலும் செய்வது என்று முடிவு செய்திருக்கிறோம். எல்லைகள் 200 மீட்டர், 14 நாள். இதைச் சங்கத்தின் கூட்டக் குறிப்பிலேயே பதிந்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. சங்கத்தில் பலர் கால்வாயைத்தான் குற்றம் சாட்டுகிறார்கள். கால்வாயை மையமாக வைத்து, தூரம் போகப் போக நோய் குறைகிறதா என்று இதே தரவைக் கொண்டு சோதிக்கலாமா?

மறுமொழி: ஈப்போ பாய்சான்

இதே தரவைக் கொண்டு வேண்டாம். புள்ளிகள் கால்வாய் ஓரம் அடர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே கால்வாயின் மீது ஐயம் வந்தது. அந்தப் புள்ளிகளே அந்த ஐயத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது. கருதுகோளை இப்போதே எழுதி வைத்து, அடுத்த பருவத்தின் நோயாளிகளைக் கொண்டு சோதியுங்கள். தவிர, ஏடிஸ் பெரும்பாலும் பாத்திரம், டயர், தொட்டி போன்றவற்றில் தேங்கிய நீரை நாடும். ஓடும் கால்வாயைவிட அதன் கரையில் கொட்டிக் கிடக்கும் பொருள்கள்மேல்தான் எனக்கு ஐயம்.

அதற்கான சோதனையை ஸ்டோன் 1988-இல் தந்தார். பகுதிகளைக் கால்வாயிலிருந்து உள்ள தூரப்படி வரிசைப்படுத்தி, மிக அருகிலுள்ளதில் தொடங்கி, கண்ட எண்ணிக்கையையும் எதிர்பார்ப்பையும் தனித்தனியே கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் விகிதத்தைக் குறித்து, அவற்றில் மிகப் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தூரத்தோடு நிறுத்துவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பெருமத்தின் பரவலைப் போலி வரைபடங்கள் தந்துவிடும். எதிர்பார்ப்புக்கு ஆள் எண்ணிக்கை இல்லாததால் கிளினிக்குக்கு வேறு காரணங்களுக்காக வந்தவர்களின் எண்ணிக்கையை ஈடாக வையுங்கள். தூரத்தைக் கால்வாயின் நடுப்புள்ளியிலிருந்து அளக்காமல் கரையின் மிக அருகிலுள்ள இடத்திலிருந்து அளக்க வேண்டும். இரண்டு பகுதிகள் ஒரே தூரத்தில் விழுந்தால் இரண்டையும் ஒரே படியாகச் சேர்த்து எண்ணுங்கள். எதை முன்னே வைப்பது என்று நாமே தீர்மானித்தால் பெரும விகிதம் மாறிவிடும்.